மாமியின் நல்ல கொலஸ்ட்ரோல்

1. மெஷினைத் திட்டிய காலை

எச்டிஎல் நூற்றுப் பத்து என்று வந்ததும் நான் முதலில் மெஷினைத்தான் திட்டினேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது எங்கள் லேப். முந்தின நாள் முழுக்கக் கரண்ட் வந்து வந்து போனது. சோதனைக்கு ஊற்றும் ரீஏஜன்ட் சூடேறிப் பழுதாகியிருக்கும் என்று நினைத்தேன். நல்ல கொலஸ்ட்ரோல் என்று சனங்கள் சொல்லும் எச்டிஎல், எங்கள் ஆட்களுக்கு நாற்பத்தைந்து வந்தாலே பெரிய காரியம். நூற்றுப் பத்தெல்லாம் யாருக்கு வரும்?

அளவு முன்பே தெரிந்த கண்ட்ரோல் சாம்பிளை ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. காலையில் இரத்தம் கொடுத்த வயதான அம்மா ஒருவரின் சீரம் அது. மறுபடியும் ஓட்டினேன், அதே நூற்றுப் பத்து. அடுத்த டியூப் அந்த அம்மாவின் தம்பியுடையது. அதிலும் நூறைத் தாண்டியது. மெஷினில் பிழை இல்லை, பாவம் அது.

அந்த அம்மாவுக்குத் தொண்ணூற்றொரு வயது, தம்பிக்கு எண்பத்தெட்டு. இரண்டு பேரும் சண்டையால் யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு இடம்பெயர்ந்து, கொழும்பில், செத்துப்போன கடைசித் தம்பியின் மகள் வசந்தியோடு வந்து இருந்தார்கள். வசந்திக்குத் தாயும் தகப்பனும் இல்லை. முப்பத்தாறு வயது, ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை. அவள்தான் இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி, இரத்தம் எடுக்கக் கூட்டி வந்தாள். அவளுக்கு அந்த அம்மா மாமி, அவர் பெரியப்பா. ஊசியோடு நான் கிட்டப் போனதும் மாமி கையை நீட்டிக்கொண்டு, "பாத்துக் குத்து பிள்ளை, பழைய சாமான்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப் போயிற்று.

2. வசந்தி கேட்ட கேள்வி

பின்னேரம் வசந்தி ரிப்போர்ட் எடுக்க வந்தாள். மொத்தக் கொலஸ்ட்ரோலுக்குப் பக்கத்தில், அளவு மிஞ்சினால் விழும் நட்சத்திரத்தைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ அக்கா, ரெண்டு பேருக்கும் கூடியிருக்கே! முட்டை, தேங்காய்ப்பால் எல்லாம் இண்டையோட நிப்பாட்டிறன்."

"பொறும் பொறும். முழுக்கப் பாரும். மொத்தத்தைக் கூட்டி வைச்சிருக்கிறது நல்ல கொலஸ்ட்ரோல்தான்" என்று அவளை டொக்டரிடம் கூட்டிப் போனேன்.

எங்கள் டொக்டர் கொட்டாஞ்சேனைக்காரர். ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று சோதனைச் சாவடி தாண்டி வருவதால் காலையில் சிடுசிடுப்பார், பின்னேரம் தங்கமான மனுசன். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது சாப்பாட்டில வந்ததில்லை, பிள்ளை. பரம்பரை. சில குடும்பங்களில ஒரு ஜீன் கொஞ்சம் மாறி இருக்கும். அதால இந்த நல்ல கொலஸ்ட்ரோல் கூட நிக்கும். அப்பிடியான சில குடும்பங்களில ஆக்கள் கனகாலம் இருக்கினம் எண்டு சொல்லினம். அதாலதான் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. ஆனா தொண்ணூற்றொரு வயசு மனுசியிட்ட முட்டையைப் பறிக்காதையும்."

வெளியே வந்ததும் வசந்தி போகாமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்ப அக்கா, இவை இன்னும் கனகாலம் இருப்பினமோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன கேள்வியப்பா இது?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அவள் அழத் தொடங்கிவிட்டாள். உள்ளே கூட்டிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அப்போதுதான் எல்லாம் சொன்னாள். லண்டனில் சிறி என்று ஒருவர். முன்பு இவளோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவர். வருசக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "இவையின்ட காலம் முடியட்டும், பிறகு வாறன்" என்று இவள் சொல்லி வைத்திருக்கிறாள்.

"அவை சாக வேணும் எண்டு நான் நினைக்கேல்லை அக்கா, சத்தியமா நினைக்கேல்லை. ஆனா நான் போனா ஆர் பாக்கிறது? ரெண்டு பேருக்கும் சிங்களம் தெரியாது. பொலிஸ் பதிவுக்கு ஆர் போறது? ரவுண்டப் எண்டு ஆமி சுத்தி வளைச்சுக் கதவு தட்டினா ஆர் பதில் சொல்றது?"

அந்தக் காலத்தில் அது சின்ன விசயமில்லை. வடக்கிலிருந்து வந்தவர்கள் பதிவுத் துண்டு இல்லாமல் ஒரு வீட்டில் படுத்து எழும்ப முடியாது. கேட்கிற கேள்விக்குச் சிங்களத்தில் பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால், தொண்ணூறு வயதென்றும் பார்க்காமல் ஜீப்பில் ஏற்றுவார்கள். நான் அவளைத் திட்டியதற்கு வெட்கப்பட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

டொக்டர் எட்டிப் பார்த்து, "மிஸ், அந்தப் பிள்ளையின்டையும் எடுத்து ஓட்டிப் பாருங்கோ" என்றார். வசந்தியும் சம்மதித்தாள். எச்டிஎல்லுக்கு வெறுவயிறு அவ்வளவு முக்கியமில்லை. எடுத்து ஓட்டினேன். தொண்ணூற்றெட்டு.

3. பெரியப்பாவின் சிங்களம்

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் டொக்டரைப் பார்க்க வந்தார்கள். என்னென்ன சாப்பிடலாம் என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று மாமி பிடிவாதமாம். தன்னுடைய ரிப்போர்ட்டையும் வசந்தியே எடுத்து மேசையில் வைத்தாள்.

"குடும்பச் சொத்து, அம்மா. இவவுக்கும் வந்திருக்கு" என்றார் டொக்டர்.

மாமி சிரிக்கவில்லை. "அப்ப இவளும் என்னை மாதிரிக் கிழண்டுதான் போவாளோ?"

"போகலாம். உறுதியாச் சொல்ல ஏலாது."

மாமி வசந்தியின் பக்கம் திரும்பினார். "லண்டன் பொடியன் ஞாயிற்றுக்கிழமையில கொமியூனிகேஷன் கடை போனுக்குக் கோல் எடுக்கிறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? நீ கண் சிவந்து வாறதை நான் பாக்கிறேல்லையோ? நான் பதினெட்டில தாலி கட்டி இருபத்தஞ்சில அறுத்தவள். மிச்சம் முழுக்க ஒரு ஆளும் இல்லாத கட்டில்தான். உனக்கும் அவ்வளவு காலம் கிடக்கெண்டால், எங்களைப் பாத்துக்கொண்டிருந்து அதில பாதியைத் துலைக்கப் போறியோ, விசரி?"

"பொலிசுக்கு ஆர் மாமி போறது?" என்று கேட்டாள் வசந்தி.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "நான் போவன். சிங்கள ஊர் மாஹோவில, ரெயில்வே ஸ்டேஷனில பத்து வருசம் டிக்கெட் குடுத்தனான். எனக்குச் சிங்களம் வடிவாத் தெரியும்."

"என்ன?" என்றாள் வசந்தி.

"நீ நல்லாக் கதைச்சாய், பிள்ளை. எனக்கேன் கரைச்சல் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

"கள்ளன்! சுத்தக் கள்ளன்!" என்று மாமி கைப்பையால் தம்பியின் முதுகில் ஒன்று போட்டார். எண்பத்தெட்டு வயது மனுசன் சின்னப் பொடியன் போல் நெளிந்தார். டொக்டர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். வசந்தி மட்டும் சிரிப்பும் அழுகையுமாக, மாமியின் மடியில் முகத்தை வைத்துவிட்டாள்.

4. போன பிறகு

சிறி வந்து வெள்ளவத்தையில் சின்னதாகக் கலியாணம் நடந்தது. நானும் போனேன், டொக்டரும் வந்தார். ஆறேழு மாதத்தில் விசா வர வசந்தி பறந்துவிட்டாள்.

லேபில் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சரியான இலக்கத்தைக் கொடுப்பது எங்கள் வேலை. ஆனால் ரிப்போர்ட்டை நீட்டும்போது, வாங்குகிறவரின் முகத்தையும் ஒருக்கால் பாருங்கள். அவர் என்ன கேட்க வந்தார் என்பது அந்தத் தாளில் இருக்காது.

வசந்தி போன அடுத்த கிழமை மாமி தம்பியோடு லேபுக்கு வந்தார். வழியில் மறித்த பொலிஸ்காரனிடம் தம்பி ஊர்க்கதை முழுக்கக் கதைத்து, தன்னை வெயிலில் காய விட்டதாக மாமியின் முறைப்பாடு. எந்த டெஸ்டுக்கும் டொக்டர் எழுதிக் கொடுக்கவில்லை. சும்மா வந்திருந்தார்கள்.

"வீடு வெறிச்சோடிக் கிடக்கு, பிள்ளை" என்றார் மாமி. கண் நிரம்பியிருந்தது.

"நீங்கள்தானே மாமி போகச் சொன்னியள்?"

"ஓம், நான்தான் சொன்னனான். கனகாலம் இருக்கிறவைக்கு இதுதான் வேலை, ஒவ்வொருத்தராய் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. புருசனை அனுப்பினன், சகோதரங்களை அனுப்பினன், இவளைப் பெத்ததுகளையும் அனுப்பினன். எல்லாம் சுடலைக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இவள் ஒருத்தியைத்தான் வாழ அனுப்பியிருக்கிறன்."