மூக்கன் சத்தியநேசன்

முன்சீட்டுக்குக் கீழே இருக்கும் பலகையைத் தூக்கிச் சாய்த்து வைத்துவிட்டு, அந்தப் பொந்துக்குள் தலையை நுழைத்து, டிரைவர் சத்தியநேசன் மூன்று தடவை மூச்சை இழுப்பார். முதல் மூச்சு பெட்ரோலுக்கு. இரண்டாவது கிரீசுக்கு. மூன்றாவதை உடனே விடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு சற்று வைத்திருப்பார். அதற்குப் பிறகுதான் கரமனை ஆற்றங்கரைக் கொட்டகையிலிருந்து வண்டி வெளியே வரும். கோர்ட்டுக்கு நேரமாகிறதென்று வக்கீல் கல்யாணராமய்யர் கைத்தடியால் தரையைத் தட்டினாலும் அந்த மூன்றாவது மூச்சு குறையாது.

ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். வலது காலில் செருப்பு உண்டு, இடது காலில் கிடையாது. கிளச்சை மிதிக்கும் கால் அது. “செருப்பு இட்டா உள்ள என்ன நடக்குன்னு உள்ளங்காலுக்குத் தெரியாது” என்பார். தெருவில் நடக்கும்போது ஒரு பக்கம் ‘சப்’பென்று கேட்கும், மறுபக்கம் ஓசையே இராது. அவர் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

தம்பானூரில் கார்கள் நிற்கும் இடத்தில் அவருக்கு மூக்கன் என்று பெயர். “மூக்கா, இன்னிக்கு எந்த வீட்டுல கருவாடு சுடுது?” என்று கேலி பண்ணுவார்கள். ஆனால் ஒருவன் வண்டியில் கருகல் அடித்தால் முதலில் தேடுவது அவரைத்தான். நாகர்கோவில் பஸ் ஓட்டும் நெல்லையப்பன் ஒருநாள் அப்படித்தான் கூப்பிட்டான். சத்தியநேசன் பக்கத்தில்கூடப் போகவில்லை. பத்தடி தள்ளி நின்று மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “கால எடுவே. கிளச்சு என்ன ஒனக்க மாமியாரு வீட்டு முக்காலியா, ஏறினதுலேருந்து எறங்கிற வரை கால வச்சிட்டு இருக்கியதுக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த மணத்தைப் பற்றிய பேச்சில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்பு வக்கீலிடம் இருந்தது பழைய வண்டி. இஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கிளச்சில் அதற்குத் தோல் பட்டை. தோல் காய்ந்தால் வண்டி உதறும். எண்ணெய் மிஞ்சினால் வழுக்கி, இஞ்சின் மட்டும் அலறும், வண்டி நகராது, தோல் கருகும். சுடுகாட்டு மணம்தான். அது காற்றில் வந்தால் அக்கிரகாரத்துப் பெண்கள் ஆற்றங்கரையில் ஏதோ எரிகிறதென்று எண்ணிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சத்தியநேசனுக்கு அளவு தெரியும். வாரத்துக்கு ஒருமுறை இரண்டே கரண்டி விளக்கெண்ணெய். கிளச்சை அழுத்திக் கம்பு முட்டுக்கொடுத்து, ராத்திரி முழுவதும் தோல் அதைக் குடிக்கும்படி விட்டுவிடுவார்.

வக்கீலுக்கு ஒரு வழக்கம் உண்டு. தீபாவளியன்று எண்ணெய் ஸ்நானம் முடித்துக் கொட்டகைக்கு வருவார். பின்னாலேயே அவர் மனைவி வாலாம்பாள் அம்மாள் ஒரு கிண்ணம் நிறையக் காய்ச்சின நல்லெண்ணெய் கொண்டுவந்து படியில் வைப்பாள். அந்த வீட்டில் சத்தியநேசனுக்கு எதுவும் கையில் கொடுப்பதில்லை. சம்பளமும் மோரும் படிமேல்தான்.

“இன்னிக்கு ஒருத்தருக்கும் விலக்கில்லை. வண்டிக்கும் தேச்சுடுடா” என்பார் வக்கீல்.

தீபாவளிக்கு வண்டி இரண்டு நாள் வெளியே போகாது. தோல் குடித்துத் தீர்த்துவிடும். அந்தத் தைரியத்தில், “செரி சாமி” என்று கிண்ணத்தைக் கவிழ்ப்பார் சத்தியநேசன்.

அந்த வருஷத் துலாமாதத் தீபாவளிக்கும் கவிழ்த்தார். உச்சிவேளைக்கு மலைப்பக்கத்து வித்துராவிலிருந்து ஆள் வந்தான். அங்கே எஸ்டேட்டில் குமாஸ்தாவாயிருந்த வக்கீலின் மகன் சேஷன் சீட்டு அனுப்பியிருந்தான். மனைவி அனந்தலக்ஷ்மிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது, உதிரம் நிற்கவில்லை, உடனே வண்டி வேண்டும்.

“எண்ண இப்பம்தான் விட்டது சாமி” என்றார் சத்தியநேசன்.

“அதுக்கு? உக்காந்து பாத்துண்டிருக்கச் சொல்றியா?”

வாலாம்பாள் அம்மாள் ஏறிக்கொண்டாள். போகும்போதே வண்டி இரண்டு இடத்தில் வழுக்கியது. திரும்புகையில் நான்கு பேர். நெடுமங்காட்டுக்கு இந்தப்புறம் உள்ள ஏற்றத்தில் இஞ்சின் அலறியது, வண்டி நின்றுவிட்டது. பலகையைத் தூக்கினால் உள்ளே புகை.

உலர்ந்த பொடி ஏதாவது தூவினால் எண்ணெயை உறிஞ்சித் தோல் பிடிக்கும். ஆனால் மூன்று நாளாக மழை. சாலையில் உலர்ந்த மண் ஒரு சிட்டிகை கிடையாது. சேஷன் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அணை கொடுத்தான். சத்தியநேசன் பின்னால் திரும்பிப் பார்த்தார். வாலாம்பாள் அம்மாள் மடியில் மருமகளின் தலை. ஒரு சம்படத்திலிருந்து விபூதி எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டேயிருந்தாள்.

“அம்மா, அந்தத் துந்நூறு இஞ்ச தாருங்க.”

“உனக்கு எதுக்குடா விபூதி?”

“வண்டிக்காக்கும். ஒணங்கின பொடி இட்டாத்தான் ஏறும்.”

“எதுமேல போடப் போறே?”

“தோலுமேல.”

வாலாம்பாள் அம்மாள் சம்படத்தை மூடிக்கொண்டாள். அப்போது அனந்தலக்ஷ்மி கண் திறவாமல், “குடுத்துடுங்கோம்மா” என்றாள். அவள் பேசி அவர் கேட்டது அது ஒன்றுதான்.

மாமியார் கொடுத்தாள். மூடியைத் திறந்து, மருமகளுக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்துக்கொண்டாள். மீதியை அவர் நீட்டிய கையில் வைக்கவில்லை. பதினொரு வருஷப் பழக்கம். குனிந்து, திறந்த சம்படத்தை வண்டியின் படிப்பலகைமேல் வைத்தாள். வெளியே படியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் பாய்ந்து எடுப்பதற்குள் பாதி குழம்பாகிவிட்டது.

மிஞ்சின பாதி ஒரு ஏற்றத்துக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்ததில் மறுபடி புகை. தோல் ஆறுவதற்குக் காத்திருந்து, வழியில் போனவர்களைக் கூப்பிட்டுத் தள்ளி, இரண்டரை மணி நேரம் போயிற்று. பேரூர்க்கடை தாண்டியதும் பின்னாலிருந்து வந்த முனகல் நின்றுவிட்டது. சத்தியநேசன் வேகத்தைக் குறைக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

“இவன் காலைக் கிளச்சு மேலயே வெச்சிண்டிருந்தான், அதான்” என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் வக்கீல் சொன்னார். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார். எண்ணெயைப் பற்றிச் சொல்வதில்லை. ஆனால் ஆளை வேலையைவிட்டு நிறுத்தவும் இல்லை.

“நீராவது சொல்லப்பிடாதா வே?” என்று நெல்லையப்பன் ஒருமுறை கேட்டான்.

“விடச் சொன்னது சாமி. விட்டது எனக்க கையாக்கும்” என்றார் சத்தியநேசன். “கூடிப்போச்சுன்னு அந்நேரமே எனக்குத் தெரியும்.”

பழைய வண்டி போய்ப் புது வண்டி வந்தாயிற்று. இதன் கிளச்சில் தோல் கிடையாது. எண்ணெய் பட்டாலே கெட்டுப்போகும் என்று கம்பெனிக்காரர்கள் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். வக்கீலுக்கு அது தெரியாமலில்லை. என்றாலும் வருஷம் தவறாமல் தீபாவளிக் காலையில் கூடத்து நாற்காலியிலிருந்தே குரல் கொடுக்கிறார்: “வண்டிக்கும் ஆகட்டும்.” அதை நிறுத்தினால் எதையோ ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

இந்தத் தீபாவளிக்கும் வாலாம்பாள் அம்மாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். சத்தியநேசன் ஒதுங்கி நின்றார். அவள் படியைத் தாண்டி, வாழையின் அடியில் எண்ணெயைச் சொட்டுவிடாமல் கவிழ்த்தாள். பிறகு காலிக் கிண்ணத்தை நீட்டினாள், படியில் அல்ல, அவர் கைக்கு நேராக. ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான்.

“தேச்சாச்சாடா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஆச்சு சாமி.”

சத்தியநேசன் தோளிலிருந்த துண்டால் கிண்ணத்தின் உட்புறத்தை அழுத்தித் துடைத்தார். மூக்கருகே கொண்டுபோய் மூச்சை இழுத்து, சற்று வைத்திருந்தார். பிறகு இன்னொரு தடவை துடைத்தார்.