பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவில்

அழகு நிலையத்தில் எல்லோருக்கும் அவள் சீட்டக்கா. முடிக்குச் சாயம் பூசுவதுதான் வேலை. ஆனால் சாயம் பிடிக்கும்வரை தலையில் பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். எரிகிறது, அரிக்கிறது, நிறம் சரியாக வருமா என்று பிடுங்கி எடுப்பார்கள். அவர்களைச் சமாளிக்கத்தான், படம் பார்த்துக் குறி சொல்லும் டாரோ சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தாள். நாளடைவில் சாயத்துக்கு வருகிறவர்களைவிடச் சீட்டுக்கு வருகிறவர்கள் கூடிப்போனதால், முதலாளியம்மாவும் கண்டும் காணாமல் விட்டுவிட்டாள்.

ஒரே ஒருமுறை வம்பாகிவிட்டது. சாயத்தலையோடு ஒரு பெண் சீட்டை உருவ, பதின்மூன்று வந்தது. மரணச் சீட்டு. வெள்ளைக் குதிரையின்மேல் கருப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு. "பயப்படாதீங்க, இது சாவு இல்லை, மாற்றம். பழசு முடிஞ்சு புதுசு தொடங்குது" என்று சீட்டக்கா சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் உறையோடு தெருவில் இறங்கி ஓடிவிட்டாள். மறுநாள் பச்சைத் தலையும் புருஷனுமாகச் சண்டைக்கு வந்தாள்.

"மாற்றம்னு சொன்னியே, நல்லாத்தான் மாறியிருக்கு" என்றாள் முதலாளியம்மா, சண்டை ஓய்ந்ததும். "இனிமே அந்த எலும்பன் என் கடைக்குள்ள காலடி வைக்கக்கூடாது."

அன்றே சீட்டக்கா அந்தச் சீட்டை உருவிக் கைப்பையின் உள்ளறையில் போட்டுவிட்டாள். அதன்பிறகு யார் உருவினாலும் சூரியன், நட்சத்திரம், காதலர்கள் என்று வந்தது. எல்லோரும் சிரித்த முகத்தோடு போனார்கள். இப்படியே இருந்துவிடலாம் போலத்தான் இருந்தது, தங்கை படுக்கையில் விழும்வரை.

மருத்துவமனை நடையில் வைத்து டாக்டர் இருவரிடம் மட்டும் சொன்னார்: சீட்டக்காவிடமும், தங்கையின் கணவரிடமும். இனி மருந்துக்கு வேலை இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. மாப்பிள்ளை பேருந்து ஓட்டுநர். எந்த நெரிசலிலும் பதறாத மனுஷன். மின்தூக்கியில் எந்தத் தளத்துக்கான பொத்தானை அழுத்துவதென்று தெரியாமல் நின்றார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா. மனசு விட்டுடுவா. பாப்பாகிட்டயும் வேண்டாம். பரீட்சை நேரம்."

பாப்பா என்பது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள். அவளுக்குத் தொலைபேசியில் ஒரே பாட்டுத்தான்: அம்மாவுக்குப் பரவாயில்லை, நீ படி. சீட்டக்காவும் சேர்ந்து பாடினாள். பாடிவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

ஒரு பிற்பகல் தங்கை சீட்டுக்கட்டைக் கேட்டாள். பொழுது போகவில்லையாக்கும் என்று கொடுத்துவிட்டு, சீட்டக்கா சமையலறைக்குப் போய்ப் பால் காய்ச்சினாள். திரும்பி வந்தபோது போர்வையின்மேல் படச்சீட்டுகள் எண் வாரியாக அடுக்கப்பட்டிருந்தன.

"பன்னெண்டு, தலைகீழாத் தொங்குறவன். பதினாலு, கிண்ணத்துக்குக் கிண்ணம் தண்ணி மாத்துற தேவதை. நடுவுல இருந்தவன் எங்கக்கா?"

"கடையில விழுந்திருக்கும்."

"பொய் சொன்னா உனக்குக் காது சிவக்குது. பையை எடு."

எடுத்தாள். தங்கை அந்தச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"குதிரைக்கு முன்னாடி எத்தனை பேரு பாரு. கிரீடம் உருண்டு கிடக்குறான் ராஜா. இந்தப் பாதிரியார் கும்பிட்டுக் கெஞ்சுறாரே, அது உன் மாப்பிள்ளை. முகத்தைத் திருப்பிக்கிட்டு மண்டி போட்டிருக்காளே, அது நீ."

"போடி இவளே, சூடு ஆறுறதுக்குள்ள குடி."

"இந்தக் குழந்தை மட்டுந்தான்க்கா அவனை நிமிர்ந்து பாக்குது. பயமே இல்லை." அவள் விரல் அங்கேயே நின்றது. "எனக்கு என்ன சீட்டு இது? சொல்லு."

பல வருடப் பழக்கம், வாயில் தயாராக இருந்தது. "இது வந்து... மாற்றம்டி. பழசு முடிஞ்சு..."

"நான் உன் வாடிக்கைக்காரி இல்லை. இந்த வீட்டுல எல்லாரும் நான் பொழைச்சுடுவேன்னு நடிக்கிறீங்க, நானும் உங்களுக்காக நடிக்கிறேன். முடியலைக்கா. எனக்கு என் பொண்ணைப் பாக்கணும். பேச்சு இருக்கும்போதே பாக்கணும். நீ வாயைத் திறந்து சொன்னாத்தான் நான் அவளைக் கூப்பிட முடியும்."

பாலில் ஆடை படிந்துவிட்டது. சீட்டக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். தங்கையின் கணுக்காலைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சாவுதான்டி" என்றாள். "டாக்டர் சொல்லிட்டாரு."

தங்கை அழவில்லை. நெடுநாள் தூக்கிச் சுமந்ததை யாரோ ஒரு கை பிடித்ததுபோல் அவள் தோள் இறங்கியது. "அப்பாடா" என்றாள். அதற்குப் பிறகுதான் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

தொலைபேசியில் பேசியது சீட்டக்காதான்.

"கிளம்பி வாடா கண்ணு."

"பெரியம்மா, பரீட்சை..."

"வாடா."

அந்தப் பக்கம் தோள்பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

பாப்பா மறுநாளே வந்துவிட்டாள். தோள்பையைக்கூட இறக்காமல் அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேலை முடிந்து வந்த மாப்பிள்ளை வாசலிலேயே சீட்டக்கா சொல்லி விஷயம் தெரிந்து முகம் வெளிறிப்போனார். "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டுக்கொண்டே அறைக்கதவின் பிடியில் கை வைத்தார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. அவங்க பேசட்டும். அப்புறம் நீங்க போய்ப் பேசுங்க. உங்களுக்கும் பேச இருக்குமில்ல?"

அவர் சீருடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவுக்குப் பின்னால் முதலில் அழுகை கேட்டது. பிறகு தாயும் மகளும் மாறி மாறிப் பேசுவது கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. நடுவில் ஒருதரம் தங்கை சிரித்தாள், பழைய சிரிப்பு. மாப்பிள்ளை முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

விடுதியில் மற்றப் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிவதற்குள் தங்கை போய்விட்டாள்.