லைனில் மூன்றாவது ஆள்

“...அதனால நீங்க கட் பண்ணிட்டுப் போயிராதீங்கக்கா, லைன்லயே இருங்க. உங்க ஆளுதான் வர மாட்டான்னு ஆயிப்போச்சு, சாட்சிக்கு நீங்களாச்சும் இருக்கோணுமில்லீங்க,” என்றார் கரடியூர்க்காரர்.

டெலிபோன் கூண்டுக்குள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், காதில் ஹெட்போனோடு போர்டுக்கு முன்னால் நான். ‘உங்க ஆளு’ என்று அவர் சொன்னது என் வீட்டுக்காரரை அல்ல, நான் எழுதிய நாவலின் கதாநாயகனை. அவன் வந்து தீர்த்து வைக்க வேண்டிய காரியம் ஒன்று அவரிடம் இருந்தது. அதற்கு முன்னால் அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஏற்காட்டில் அப்போது யாரும் தாமே நம்பரைச் சுழற்றிப் பேசிவிட முடியாது. போனை எடுத்தால் என் போர்டில் ஒரு சின்ன மூடி விழும். பிளக்கைச் செருகி “நம்பர் ப்ளீஸ்” என்பேன். கேட்ட நம்பரில் இன்னொரு பிளக்கைச் செருகுவேன். பேச்சு தொடங்கியதும், என் ஹெட்போனை அந்த லைனோடு சேர்க்கும் சாவியைத் தள்ளிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். அதுதான் இந்த வேலையின் முதல் சட்டம், நான் அதை மீறியதே இல்லை. எனக்குப் பேச்சுப் பசி அதிகம், உண்மைதான். ஆனால் அந்தப் பசிக்கு லைன் எதற்கு? வெளியூருக்கு ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் எக்ஸ்சேஞ்ச் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதே போதும். மனிதர்கள் காத்திருக்கும்போதுதான் வாய் நிறையப் பேசுவார்கள்.

பள்ளி இறுதி வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. மிச்சத்தை எல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த வாடகைப் புத்தகக் கடையிலும் அந்தப் பெஞ்சிலும்தான் படித்தேன். அந்தத் தைரியத்தில் ஒரு நாவல் எழுதினேன். நாயகன் பட்டணத்தில் ஒற்றை அறையில் இருப்பான். அறை முழுக்கக் கம்ப்யூட்டர், சிவப்பும் பச்சையுமாக விளக்குகள். கோர்ட்டில் தப்பித்துவிட்ட அயோக்கியர்களின் டெலிபோனை ஒட்டுக்கேட்டு, அவர்கள் செய்ததைக் கண்டுபிடித்து, இருந்த இடத்திலிருந்தே பொத்தானை அழுத்தித் தண்டிப்பான். ஒருவனுடைய காரில் பிரேக் பிடிக்காது. கலப்பட மருந்து விற்றவன் ஏறிய லிஃப்ட் எட்டாவது மாடியிலிருந்து விழும். கம்ப்யூட்டரை நான் அதுவரை பத்திரிகைப் படத்தில் பார்த்ததோடு சரி. லிஃப்டில் ஏறியதே இல்லை. அதனால் என்ன? எனக்கு வயர் தெரியும். ஒரு வயர் வழியாக என்னவெல்லாம் போகலாம் என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தவள் நான். இன்றைக்கு எடுத்தாலும் அந்த நாவல் விறுவிறுவென்று ஓடுகிறது. பிறர் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நானே சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் மாதம் ஒரு நாவல் போடும் பதிப்பாளர் ஒருவர் அதை அச்சிட்டார். பஸ் ஸ்டாண்டுக் கடையில் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அட்டையில் துப்பாக்கியோடு ஒரு பெண். கதையில் துப்பாக்கியும் கிடையாது, அந்தப் பெண்ணும் கிடையாது.

முதல் விமர்சனம் சேலம் பஸ் கண்டக்டருடையது. டிக்கெட் போட்டு முடித்ததும் பின் சீட்டில் உட்கார்ந்து படித்தாராம். “மேல ஏறறப்ப நொம்ப நல்லா போகுதுங்க. கீழ எறங்கறப்ப தலை சுத்துதுங்க. கதையாலயா, ரோட்டு வளைவாலயான்னுதான் தெரியல,” என்றார். எஸ்டேட்டில் ஆட்களின் பேர் எழுதும் ரைட்டர் ஒருவர், புத்தகம் முழுக்கத் தேடியும் உங்கள் நாயகன் ஒரு வாய் காபி குடித்ததாகக் காணோமே, அவன் நம்ம பக்கத்து ஆளாக இருக்க முடியாது என்று முகத்தைச் சுளித்தார். பள்ளித் தலைமையாசிரியர், நாவலைச் செய்தித்தாளில் அட்டை போட்டு மறைத்துக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். எல்லாரையும் இவன் தண்டித்தால் இவனை யாரம்மா தண்டிப்பது என்று கேட்டார். நல்ல கேள்விதான். அவர் வீட்டம்மா மூன்று தடவை படித்துவிட்டார் என்பதையும் போகிற போக்கில் அவரே சொன்னார்.

காபிக்கொட்டை பொறுக்கும் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒருத்தி சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கை ஓயாமல் கேட்டிருக்கிறார்கள். மருந்தில் கலப்படம் செய்தவன் லிஃப்டோடு விழுந்ததும் ஒரு கட்சிக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவர்கள் பிள்ளைகளுக்கு மருந்து வாங்கி அலைந்தவர்கள், அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எதிர்க்கட்சித் தலைவி மட்டும் வேலை முடிந்து போகும்போது என் ஜன்னலில் நின்றாள். “லிஃப்டுன்னா அத ஓட்ட ஒரு ஆள் உள்ளார இருப்பானாமே. அவன் என்னங்க பண்ணுனான்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் கூட நிற்காமல் போய்விட்டாள். அடுத்த நாவலில் யாரையாவது தண்டிக்கும் முன்னால், சுற்றி நிற்கிறவர்களை டீ குடிக்க அனுப்பிவிடப் பழகிக்கொண்டேன்.

வெளியூர்க் கடிதங்கள் வேறு மாதிரி. பாதிப் பேர் நாயகன் இன்னும் நாலு பேரைத் தீர்த்திருக்கலாம் என்று வருத்தப்பட்டிருந்தார்கள். மீதிப் பேரில் சிலர், தங்கள் தெருவில் தண்டிக்க வேண்டியவர்களின் விலாசத்தைக் கதவு எண்ணோடு எழுதி அனுப்பியிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் மலையிலேயே அந்த மாதிரிப் பேச்சு தொடங்கியபோது சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. ஒட்டுக்கேட்கிற நாயகனை எழுதியவள், நாளெல்லாம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறவள். ஊரார் இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டார்கள். சிலர் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எஸ்டேட் ஒன்றுக்கு வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த மானேஜர், நம்பர் கேட்பதற்கு முன்னால் “லைன் சுத்தமா இருக்காம்மா?” என்று சிரித்துக்கொண்டே விசாரிப்பார். வேறு சிலரோ குரலை உயர்த்தினார்கள். பேசி முடித்தாயிற்றா என்று பார்க்க நான் லைனுக்குள் வரும் நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு, “எங்க ஊட்டுப் பக்கத்து வேலித் தகராறையும் கொஞ்சம் உங்க ஆளுகிட்டச் சொல்லிருங்க” என்பார்கள். வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். முழுக்க வேடிக்கை என்று சொல்ல முடியாத குரலில் சொன்னார்கள்.

கரடியூர்க்காரர் வேடிக்கைக்கு வரவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும், என்னைவிடச் சின்னவர். சொந்தக் காடு, அதில் கொஞ்சம் காபி, கொஞ்சம் பேரிக்காய். கால் எதுவும் புக் பண்ணாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லாரும் போன பிறகு எழுந்து ஜன்னலுக்கு வந்தார்.

“ஏனுங்கக்கா, உங்க ஆளை ஒருக்கா அனுப்போணுமுங்க.”

எஸ்டேட்டின் மேல்காட்டில் ஒரு ஊற்று. அங்கிருந்து இரும்புக் குழாய் ஒன்று எஸ்டேட் வழியாக வந்து, வேலி தாண்டி, இவருடைய காட்டுக்கும் பக்கத்துக் காடுகளுக்கும் தண்ணீர் கொண்டுவரும். வெகுகாலமாக அப்படித்தான். லைன் சுத்தமா என்று கேட்பாரே, அந்த மானேஜர் வந்த பிறகு வால்வு மூடிக் கிடந்தது. பங்குனி வெயில். மழை வரவில்லை. இவர் அந்த வருஷம்தான் நிறையக் காபி நாற்று விட்டிருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் பள்ளத்திலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றுகிறார்களாம். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் நாற்று முழுக்கக் கருகிவிடும், புதுக் காடு வைக்கிற ஆசையும் அதோடு சரி. எஸ்டேட் வாட்ச்மேனிடம் சொன்னதற்கு அவர் தலையை ஆட்டினாரே தவிர, ஒன்றும் நடக்கவில்லை.

“அந்த மானேஜரை ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. சீப்பை நிறுத்துனாப் போதும். பயந்துக்குவாரு,” என்றார். ஜீப்பைச் சொல்கிறார்.

அப்படி ஒரு ஆள் கிடையாது, எல்லாம் நானே யோசித்து எழுதியது என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு போர்டைப் பார்த்தார், பிளக்குகளைப் பார்த்தார். மெதுவாக நம்பினார். பொய் சொல்லி ஏமாற்றிவிட்டேன் என்பது போல முகம் வாடிவிட்டது. சும்மா போயிருந்தால் கூடப் பரவாயில்லை. போகிற போக்கில் ஒரு விமர்சனத்தையும் வைத்தார்.

“நானும் படிச்சப்பவே நெனச்சனுங்க. அந்த லிஃப்டுல விழுந்தவனுக்கு, எதுக்காவச் சாகறோம்னே தெரியாதில்லீங்க? சொல்லாமச் செஞ்சா அது வளைவுல லாரி கவுந்த மாதிரிதானுங்க. நேரம் சரியில்லைன்னுட்டுப் போயிருவாங்க.”

இத்தனை கடிதம் வந்ததில் இதை யாரும் எழுதவில்லை. எனக்குச் சுருக்கென்றது. என் நாவலைத் தலைமையாசிரியர் குறை சொல்லட்டும், கண்டக்டர் சொல்லட்டும், நான் சமாளிப்பேன். ஆனால் இவர் அவனைக் கூட்டிப்போகவும் வந்தார், அவன் செய்தது சரியில்லை என்றும் சொல்கிறார்.

“அப்ப நீங்க சொல்லிட்டே செய்யுங்களேன். மானேஜர் நம்பர் போட்டுத் தர்றேன். பேசுங்க,” என்றேன்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. எஸ்டேட் மானேஜரோடு போனில் பேசுவதா என்று இரண்டு தடவை கேட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், தலைமுடியைக் கையால் படிய வைத்தார், போனில் யாரும் பார்க்கப்போவதில்லை என்று நான் சொன்ன பிறகும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கூண்டுக்குள் போய் ரிசீவரை எடுத்தார். அப்போதுதான் என்னைச் சாட்சிக்கு இருக்கச் சொன்னார்.

நான் அதுவரை யாருடைய பேச்சிலும் இருந்ததில்லை. இருக்கத்தான் வேண்டுமென்றால் திருட்டுத்தனமாக இருக்கக் கூடாது என்று பட்டது. எஸ்டேட் பங்களாவில் மணி அடித்து மானேஜர் எடுத்ததும், “சார், கரடியூர்லேர்ந்து ஒருத்தர் பேசறார். அவர் கேட்டுக்கிட்டதால நானும் லைன்ல இருக்கேன். வேண்டாம்னா இப்பவே விலகிக்கறேன்,” என்றேன்.

“சொல்லிட்டே கேக்கறீங்களா? அப்ப இருங்க,” என்றார் மானேஜர்.

கரடியூர்க்காரர் தொண்டையைச் செருமினார். தன் பேர், அப்பா பேர், காடு எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் சொன்னார். ஊற்றையும் குழாயையும் சொன்னார். குரல் முதலில் நடுங்கியது, நாற்றைப் பற்றிச் சொல்லும்போது அந்த நடுக்கம் நின்றுவிட்டது. “நாளைக்குக் காலையில வெயில் ஏறறதுக்கு மின்னாடி, நான் ரிஞ்ச் எடுத்துக்கிட்டு வந்து அந்த வால்வைத் தொறக்கப் போறனுங்க. சொல்லாமத் தொறந்தேன்னு இருக்கக் கூடாது. நீங்களும் வந்து நின்னு பாருங்க. தப்புன்னா அங்கயே சொல்லுங்க.”

மானேஜர், குழாய் ஒழுகுகிறது என்று ஆட்கள் சொன்னதால் மூடச் சொன்னதாகவும், அது வேலிக்கு அந்தப் பக்கம் போவதே தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

“இத்தனை நாளா ஏன் என்கிட்ட வந்து சொல்லல?”

“வேற ஒரு ஆளை வெச்சு முடிச்சுக்கலாம்னு இருந்தனுங்க.”

“எந்த ஆளை?”

கூண்டுக்குள்ளிருந்து கரடியூர்க்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் மானேஜருக்கே விளங்கிவிட்டது. லைனில் அவர் சிரிக்கிற சத்தம் ஹெட்போனைத் தாண்டி வெளியே கேட்டது. அந்த நாவலை அவரும் படித்திருக்கிறார், எத்தனையோ தடவை நம்பர் கேட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“ரிஞ்ச் எல்லாம் வேண்டாங்க. ஆபீஸ்லயே இருக்கு. காலையில வாங்க, ரெண்டு பேருமே போய்த் திறந்துடலாம்,” என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

“சரிங்க,” என்றார் கரடியூர்க்காரர். ரிசீவரை அதன் இடத்தில் வைக்கத் தெரியாமல் இரண்டு முறை திருப்பிப் பார்த்து வைத்தார். வெளியே வந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். ரிஞ்சோடு வருவதாகச் சொன்னது சொன்னதுதான் என்பது போல, நேராக எதிர்ச்சாரியில் இருந்த மோட்டார் ரிப்பேர்க் கடைக்குப் போய், பெரிய பைப் ரிஞ்ச் ஒன்றை இரவல் கேட்டார். எதற்கு என்று கேட்ட கடைக்காரரிடம், எந்த எஸ்டேட், எந்தக் குழாய், யார் யார் வருகிறார்கள் என்பதை எல்லாம் ரோடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, ரிஞ்சைத் தோளில் சாத்திக்கொண்டு கரடியூர் ரோட்டில் நடந்தார்.