காலையிலேயே எழுதிய தாள்

செகந்திராபாத்தில் ஒரு நீச்சல்குளம். அங்கே உடை மாற்றும் அறையைப் பத்து வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பெண்கள் நீந்தும் நேரத்தில் யாரும் மூழ்காமல் காவலுக்கு இருப்பவள் என் தங்கை மகள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

நீரில் மூழ்கிச் சாவதைத் தடுக்க ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒருவர் காவலர்களுக்குத் தினம் ஒரு தாள் என்று கொடுத்திருந்தார். யாராவது தத்தளித்தால் எந்த இடம், முதலில் பார்த்தது யார், காவலர் அப்போது எங்கே இருந்தார் என்று உடனே எழுத வேண்டும். என் தங்கை மகளோ காலையில் வந்ததும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டுத்தான் விசிலை மாட்டுவாள். தாளைக் காலியாக விட்டால் ஏதாவது நடந்துவிடும் என்று அங்கே எல்லாக் காவலருக்கும் பயம். எனக்கும்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நாலடி முடிந்து ஆழம் தொடங்கும் இடத்தில் நீலத் தொப்பி போட்ட ஒரு தலை நீருக்குள் போனது. சத்தமில்லை, கை ஆட்டவில்லை. மேலே வரும் என்று அறை வாசலிலிருந்தே பார்த்தேன். வரவில்லை. காவல் நாற்காலி காலி. வாளியைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தேன். கேட்டில் வருகிறவர்களின் உறுப்பினர் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்த இவள் ஓடிவந்து குதித்தாள்.

கரையில் கிடத்தியபோது அந்தப் பெண்ணின் உதடு கறுத்திருந்தது. பிறகு இருமினாள். கூட வந்த அக்கா ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

“பெரியம்மா, வாயத் தொறக்காதீங்க, நக்கோ, வேணாம். சேர்ல நான் இல்லேன்னு தெரிஞ்சா வேலை போயிடும்.”

“ஆபீஸ்தானே உன்ன கேட்டுக்கு அனுப்புச்சு?”

“அத யாரு கேப்பாங்க? உங்களுக்கென்ன, துண்டு மடிச்சா சம்பளம்.”

பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா வந்தார். “இன்னைக்கும் ஒண்ணுமில்லையா?” இவள் தலையாட்டினாள். தாள் பைக்குள் போகப் போனது.

“அத அடிச்சிடுங்கம்மா,” என்றேன். “நாலடி முடியுற எடம். மொதல்ல பாத்தது நான். இவ சேர்ல இல்ல, ஆபீஸ் கார்டு பாக்க அனுப்பியிருந்துச்சு. அதையும் எழுதணும்.”

“தினமும் அனுப்புறாங்களா?”

“தினமும்தான் மேடம்,” என்றாள் இவள். டாக்டரம்மா புதுத் தாளை அவளிடமே நீட்டினார். நடந்ததை அவளே எழுதினாள்.

மூன்று நாள் எனக்காகக் காத்திருக்காமல் அவள் தனியாகவே வீட்டுக்குப் போனாள். நான்காம் நாள் அவளை ஆபீஸில் கூப்பிட்டார்கள். நான் வெளியே நின்றேன். அவள் வெளியே வந்தபோது கழுத்தில் விசில் இன்னும் இருந்தது.

“கார்டு பாக்குற வேலை இனிமே உங்களுக்காம்.”

“எனக்கு அவ்வளவா படிக்க வராதேடி.”

“கார்டோட கலர் பாத்தா போதுமாம்.” சிரிக்கவில்லை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது தாள் பன்னிரண்டு மணி வரை காலியாகவே கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் அந்தப் பழைய பயம்தான்; உடனே நீரில் தெரியும் தொப்பிகளை எண்ணிப் பார்க்கிறேன்.