ஷெர்லியின் துவக்குக் குழாய்

போன கிழமை மகள் தன் வீட்டு பார்பிகியூ தட்டைத் தூக்கி எறியப் போனாள். மழையில் நனைந்து லேசாகத் துருப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நான் எண்ணெயும் ஸ்டீல் வூலும் எடுத்துக்கொண்டு குந்தியதும், "அம்மா, ஜஸ்ட் பை எ நியூ வன்" என்றாள். எண்ணெயில் கரையும் துருவுக்கு ஒரு மணம் இருக்கிறது, தெரியுமா? அந்த மணம் வந்ததும் மகளுக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். நியூசிலாந்துக்கு வந்த புதிதில், மாசி என்ற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் ரகுவும் கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருசம். அவருக்கு ஒரு வேர்க்‌ஷொப்பில் லேத் வேலை. எனக்கு வேலையில்லை. பக்கத்து வீட்டு ஷெர்லியோடு வேலிக்கு மேலால் கதைத்துத்தான் இங்கிலீசு பழகினேன். அதனாலோ என்னவோ, இன்றைக்கும் எனக்கு வாத்துகளைப் பற்றி நல்ல இங்கிலீசு வரும். ஷெர்லி பஸ் ஓட்டுகிறவள், ஐம்பது தாண்டியவள். புருசன் செத்து இரண்டு வருசம். முன்பு இருவரும் ஒவ்வொரு மே மாதமும் காட்டு வாத்து வேட்டைக்குப் போவார்களாம். அந்த வருசம், புருசன் இல்லாவிட்டாலும் தங்களோடு வரச் சொல்லி அவனுடைய கூட்டாளிமார் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஒரு காலை ஷெர்லி வேலியால் எட்டி, ரகுவிடம் சாண்ட் பேப்பர் கேட்டாள். புருசனின் இரட்டைக் குழல் துவக்கை ஈர உறையிலேயே விட்டுவிட்டாளாம், குழாயெல்லாம் துருவாம். அப்படியே கொண்டுபோனால் கூட்டாளிமார் தன்னைப் பார்த்துப் பாவப்படுவார்கள், அதைவிடப் போகாமலே இருக்கலாம் என்றாள்.

துவக்கு என்றதும் ரகு உள்ளே போய்விட்டார். ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் பிடரியில் துவக்கை வைத்து அவரை அரை மணித்தியாலம் முழங்காலில் இருத்தியிருந்தார்கள். தெரிந்த இங்கிலீசில் அதைச் சொன்னேன். ஷெர்லி முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். தன்னிடமே முரட்டுச் சாண்ட் பேப்பர் ஒன்று கிடக்கிறது, அதால் தேய்த்துப் பார்க்கிறேன் என்று திரும்பினாள்.

குசினி யன்னலுக்குள்ளிருந்து ரகுவின் குரல் வந்தது. "அதாலை தேய்க்க வேண்டாமெண்டு சொல்லும். மெருகு முழுக்கப் போயிடும்."

இரும்பு வேலைக்காரனின் மனம், பாருங்கள்.

நாங்கள் அவளுடைய கராஜுக்குப் போனோம். ஷெர்லி துவக்கை மடித்து, தோட்டா போடும் இரண்டு அறையும் வெறுமை என்று காட்டினாள். பிறகு குழாய்களைக் கழற்றி மேசையில் வைத்து, மிச்சத்தை அலுமாரியில் பூட்டினாள். ரகு கதவடியில் கனநேரம் நின்றார். பிறகு வந்து விரல் நுனியால் தொட்டார்.

"இது வெறும் குழாய்தானே" என்றார். எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா, தெரியாது.

எண்ணெய் பூசி, ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் ஊற விட்டார். ஆக மெல்லிய ஸ்டீல் வூலை எடுத்து, குழந்தைக்குத் தலை துடைக்கிற பக்குவத்தில் தேய்த்தார். மண்ணிற எண்ணெய் வழிந்தது. துடைத்தார், திரும்பவும் பூசினார். மெல்ல மெல்ல அடியிலிருந்து கருநீல மெருகு வந்தது. அங்கங்கே சில புள்ளிகள் போகவேயில்லை. அதைத் தோண்டினால் கெடும் என்று விட்டுவிட்டார். கடைசியில் உள்பக்கம் பார்க்கவென்று குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்தவர், அப்படியே என் பக்கம் திரும்பினார்.

"இதுக்குள்ளாலை பாக்க நீர் வடிவாத்தான் இருக்கிறீர்."

என்ன சொன்னார் என்று ஷெர்லி கேட்டாள். குழாய் நல்ல சுத்தம் என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். வெட்கப்பட்ட என் முகத்தைப் பார்த்தவள் நம்பவில்லை. மேசையில் கை ஊன்றிச் சிரித்தாள். ரகுவும் சிரித்தார். நியூசிலாந்தில் அவர் அப்படிச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த கிழமை அவள் நான்கு வாத்து கொண்டுவந்தாள். துவக்கைப் பார்த்து ஒருவரும் பாவப்படவில்லையாம், ஒருவன் விலைக்குக் கேட்டானாம். யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுக் குழம்பு வைத்தேன். ஷெர்லி மூக்கைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஷெர்லி இப்போது இல்லை. எங்கள் இரண்டு வீட்டு வளவிலும் இப்போது எட்டு வீடுகள் நிற்கின்றன. வேலியும் உயர்ந்துவிட்டது, மேலால் எட்டிப் பார்க்க ஏணி வேண்டும். அந்த நாட்களில் ரகு எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும், பின்னால் யாரும் வந்துவிடாதபடி வாசலைப் பார்த்த கதிரையில்தான் இருப்பார். அந்தப் பழக்கமும் போய்விட்டது. எப்போது போனது என்று இருவருக்கும் தெரியாது. நேற்று பாபடோயிட்டோய் என்ற ஊரில் ஒரு தோசைக் கடையில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டாவது தோசைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.