இராக்கம்மா துடைத்த தரை

பதுளையில் சிவப்புத் தரை போட்ட வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. முகம் பார்க்கலாம் என்று துணிந்து சொல்லக்கூடிய தரை ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் குறுக்குத் தெருவில், அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்க்கும் பத்மநாதன் வீட்டுத் தரை. அந்தப் பெருமை பத்மநாதனுக்குச் சேராது, அவர் மனைவி யோகம்மா டீச்சருக்கும் சேராது. பசறை ரோட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்து, அத்தனை வளைவுக்கும் கம்பியில் தொங்கிக்கொண்டு, ஆறரை மணிக்கு வந்து இறங்குகிற இராக்கம்மாவுக்குத்தான் சேரும்.

இராக்கம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. பதினான்கு வயதில் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாவுக்குக் கூட்டிப் பெருக்கப் போனவள். தேங்காய் மட்டையைப் பாதியாக வெட்டி, அதன்மேல் ஒரு காலை வைத்து, சிவப்புப் பொலிஷைத் தேய்த்துத் தேய்த்துத் தரையை மின்ன வைப்பதை அங்கேதான் பழகினாள். துடைத்தவள் வந்துபோன சுவடே தெரியக்கூடாது என்பது பங்களாவின் சட்டம். அங்கே அவள் இன்னொன்றும் கற்றுக்கொண்டாள். துரை வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அது நடந்துவிடும். "இந்த நாயை இனி நான் இங்க பாக்கக் கூடாது" என்று ஒரு நாள் காலைச் சாப்பாட்டில் துரை சொன்னார். சாயங்காலம் நாய் இல்லை. எங்கே போனது என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், முப்பத்தைந்து வருஷம் கொழுந்துக்கூடை. தோட்டத்து வேலை முடிந்து லயத்து அறையில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நாலு வருஷத்துக்கு முன் டவுனுக்கு வேலைக்கு வந்தாள். பத்மநாதன் குடும்பம் யாழ்ப்பாணத்துக் குடும்பம், நல்ல மனிதர்கள். இவளுக்கென்று தனிக் கோப்பை வைக்காத வீடு. அவர்களுடைய ஒரே மகள் லதுஷாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் வளர்க்கிற நாய் சூட்டி, தவிட்டு நிறத்தில் குட்டையான கால்களோடு, யார் வந்தாலும் பின்பக்கத்தை முழுசாக ஆட்டுகிற ஒரு பிறவி.

போன வருஷம் பட்டாசுக்குப் பயந்து சூட்டி ஐயாவின் கச்சேரி ஃபைல் ஒன்றின்மேல் மூத்திரம் பெய்துவிட்டது. பத்மநாதனுக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னொருக்கா இது வீட்டுக்குள்ள நனைச்சுதெண்டால், கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில விட்டிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை" என்றார். யோகம்மாவும் லதுஷாவும் சிரித்துவிட்டுப் போனார்கள். இராக்கம்மா சிரிக்கவில்லை. அதே மனிதர் பின்னேரத் தேத்தண்ணியோடு பிஸ்கட்டைக் கடித்துப் பாதியை நாய்க்குப் போடுவதை அவள் பார்த்ததே இல்லை. நாலு மணி பஸ்ஸுக்கு அவள் போய்விடுவாள்.

இந்த மார்கழி விடுமுறைக்குத் தாயும் மகளும் யாழ்ப்பாணம் போனார்கள். ஐயாவுக்கு லீவு கிடைக்கவில்லை. புறப்படும்போது லதுஷா இராக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்ரி, சூட்டிக்கு என்ன எண்டாலும் எனக்குச் சொல்லோணும். சின்ன விசயம் எண்டாலும் சொல்லோணும்."

"சொல்றேன் பாப்பா. நீ சந்தோசமா போயிட்டு வா."

டிசம்பர் இருபத்து நாலாம் தேதி தெருவில் கிறிஸ்மஸ் பட்டாசு தொடங்கியது. மறுநாள் காலை பின்வாசலைத் திறந்தால் சமையலறை வாசலில் ஒரு நனைவு. ஐயா இன்னும் எழும்பவில்லை. இராக்கம்மா துணியை எடுத்தாள், பினாயில் போட்டாள், பொலிஷ் தடவினாள், மட்டையால் நாலு தேய். முடிந்தது கதை. சூட்டி மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "ஒங்க அப்பா கண்ணுல பட்டா நீ பஸ் ஸ்டாண்டுதான்டா" என்று அதன் காதைத் திருகினாள். அந்த வீட்டில் அவள் வைத்துக்கொண்ட முதல் இரகசியம் அது.

அடுத்த நாள் இரண்டு இடம். அதற்கடுத்த நாள் மேசைக்கடியில், கதிரைக் காலடியில், சாமியறை வாசலில். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நனைத்திருந்தது. வெடிச்சத்தம் கேட்டால் மனுஷனுக்கே அடக்க முடியாமல் போகிறது, பாவம் நாய் என்ன செய்யும் என்றுதான் அவள் நினைத்தாள். துணியைப் பிழிந்தால் வாளித் தண்ணீர் சிவப்பாகப் போனது. அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பங்களாவிலும் இங்கேயும் அவள் பிழிந்த துணியெல்லாம் சிவப்புத்தான். பொலிஷ் அதிகமாகிவிட்டது போல என்று எண்ணி மறுநாள் குறைத்துப் பூசினாள். அப்போதும் தண்ணீர் சிவந்தது. டின்னைத் திருப்பிப் பார்த்து, இப்போது வருகிற பொலிஷ் ஒட்டுவதேயில்லை என்று அதைத் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்து நின்றாள். "என்ன இராக்கம்மா, இண்டைக்கு உங்களுக்கு லீவெல்லோ?" என்று ஐயா கேட்டார்.

"பொங்கலுக்குத் தரைய இப்பவே புடிச்சாத்தாங்க மினுங்கும்" என்றாள். சொன்ன வாய் கூசியது. ஆனாலும் ஐயா எழும்புமுன் இரண்டு இடத்தைத் துடைத்தாகிவிட்டது.

தினமும் பகலில் லதுஷா போனில் பேசுவாள். "சூட்டி வீட்டுக்குள்ள ஏதும் செய்தவனோ அன்ரி?"

"ஒண்ணும் இல்ல பாப்பா. ராசா மாதிரி இருக்கான்."

மொத்தம் பதினொரு இடம். பதினொன்றையும் ஐயாவின் கண்ணில் படாமல் துடைத்தாள். முப்பத்தோராம் தேதி காலை வந்து வீடு முழுக்கத் தேடினாள். ஒரு சொட்டு இல்லை. சாயங்காலம் புறப்படும்வரையும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "புத்தி வந்திருச்சுடா ஒனக்கு" என்று சொல்லித் தன் தேத்தண்ணிப் பாலில் பாதியை அதற்கு ஊற்றினாள். சூட்டி பாலை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. தோட்டத்துக் கோயிலில் ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனாள்.

ஜனவரி முதலாம் தேதி, வருஷப் பிறப்பன்று, சூட்டியால் எழும்ப முடியவில்லை. வயிறு கல்லாக இருந்தது. பத்மநாதன் கச்சேரிக்குப் போகவில்லை. நாயைத் துவாயில் சுற்றி இராக்கம்மாவின் மடியில் வைத்து, ஆட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் போனார்கள். டொக்டர் றஷீனா வயிற்றை அழுத்திப் பார்த்தார். மூத்திரம் போகிற வழியைக் கல் அடைத்திருக்கிறது, விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்.

"ஒரு கிழமை, ஏழு நாளாவது கொஞ்சம் கொஞ்சமாத்தான் போயிருக்கும், அங்கங்க சொட்டியிருக்கும். ரத்தம் கலந்து செவப்பா இருந்திருக்கும். வீட்டுல ஒருத்தரும் பாக்கல்லியா?"

"இல்லை டொக்டர். வீட்டுக்குள்ள ஒரு சொட்டும் இல்லை. இவதான் ஒவ்வொரு நாளும் கூட்டித் துடைக்கிறவ" என்றார் பத்மநாதன்.

டொக்டர் அவளைப் பார்த்தார். இராக்கம்மாவுக்கு வாளித் தண்ணீர் கண் முன்னால் வந்து நின்றது. பொலிஷைக் குறைத்த பிறகும் சிவந்த தண்ணீர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாலு நாளைக்கு முந்திக் கொண்டு வந்திருந்தா ஈஸியாக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டொக்டர். ஊசி போட்டார், குழாய் வைத்துப் பார்த்தார். மறுநாள் விடிந்தபோது சூட்டி இல்லை. பத்மநாதன் தானே மண்வெட்டி எடுத்துப் பின்வளவில் கொய்யா மரத்தடியில் குழி தோண்டினார். தோண்டும்போது அழுதார். நாயைப் பஸ் ஸ்டாண்டில் விடப்போகிறேன் என்ற மனிதர் அழுவதை இராக்கம்மா கதவோரம் நின்று பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. இவர் துரை இல்லை. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோகிற சாதாரண அப்பா. அதைத் தெரிந்துகொள்ள நாலு வருஷம் போதவில்லையே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பொலிஷ் டின்னை எடுத்து அலுமாரிக்குப் பின்னால் தள்ளினாள்.

மூன்றாம் தேதி லதுஷா வந்தாள். நேரே கொய்யா மரத்தடிக்குப் போனாள். நெடுநேரம் கழித்து வந்து, சமையலறையில் இராக்கம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அப்பா சொன்னவர் அன்ரி. அவ்வளவு வருத்தத்திலயும் அவன் ஒருக்காக்கூட வீட்டை ஊத்தை செய்யேல்லையாம். எவ்வளவு நல்ல பிள்ளை, என்ன?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஒருவருக்கும் தெரியாது. இராக்கம்மா உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"நனைச்சான் பாப்பா. பதினோரு தடவ நனைச்சான். ஐயா கொண்டுபோய் விட்டுருவாருன்னு பயந்துக்கிட்டு நான்தான் தொடச்சு மறைச்சேன். துணியில செவப்பு வந்துச்சு. பொலிஷ்னு நெனச்சேன். ஒன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

லதுஷா அவளையே பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் இராக்கம்மாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கடைசியில், "எந்தெந்த இடம்?" என்று மட்டும் கேட்டாள்.

இராக்கம்மா எழுந்து முன்னால் நடந்தாள். சமையலறை வாசல், மேசைக்கடி, கதிரைக் காலடி, சாமியறை வாசல். பதினொரு இடத்தையும் ஒன்றுவிடாமல் விரலால் காட்டினாள். பிள்ளை ஒவ்வொன்றிலும் குனிந்து கையால் தடவிப் பார்த்தது. எங்கேயும் ஒரு சுவடும் இல்லை. தரை மின்னியது.