ஒரே கை, இரண்டு பெயர்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். சொந்தப் பெயர் சட்டையில் குத்திய பட்டையில் இருந்தது. அதை நின்று படித்தவர் யாருமில்லை. தரைத்தளத்தில் மருந்துக் கவுன்டருக்கும் லிஃப்டுக்கும் நடுவிலுள்ள அறையில், இருபத்திரண்டு வருடமாக ஊரார் எலும்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் அவள் மனதில் நிற்காது. பக்கத்து வீட்டுக்காரியையே மார்க்கெட்டில் யாரோ என்று தாண்டிப் போய், வீண் மனஸ்தாபம் வாங்கிக்கொண்டவள். ஆனால் எலும்பு அப்படியல்ல. மூன்று வருடம் கழித்து வந்த பெரியவரின் முட்டியைப் படம் எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டிய பிறகுதான், "அட, நீங்களா? வாங்க வாங்க" என்று வாய் நிறைய வரவேற்பாள்.

ஒரே ஒரு முகம் மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. அது நெட்டையின் முகம்.

பதினாறு வயதில் எக்ஸ்ரே அக்கா நானூறு மீட்டர் ஓடினாள். இளையோருக்கான சர்வதேச விளையாட்டு நான்கு வருடத்துக்கு ஒரு முறை வரும். ஓட்டம், நீச்சல், மல்யுத்தம் என்று எல்லாமும் ஒரே ஊரில் நடக்கும். பதினேழு முடியாத பிள்ளைகள் மட்டும்தான் போகலாம். ஆக, பிறந்த வருடம் தோதாக விழுந்தால் ஆளுக்கு ஒரு தடவை வாய்க்கும். கை நழுவிப் போனால் போனதுதான், அடுத்ததற்குள் வயது தாண்டிவிடும். தேசிய அணியில் நானூறு மீட்டருக்கு ஒரே ஒரு இடம். தேர்வு ஓட்டத்தில் அவள் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்தவள் நெட்டை.

நெட்டைக்கு அப்போது இருபது வயது. இது யூகமல்ல. எக்ஸ்ரே அக்காவின் அத்தை மகளும் நெட்டையும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அத்தை மகளுக்கு அந்த வருடம் கல்யாணமாகி வயிற்றில் பிள்ளையே வந்துவிட்டது. கூடப் படித்தவளுக்கு மட்டும் பதினாறாம்! இவள் பயிற்சியாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "சர்டிபிகேட்ல இருக்கிறதுதாம்மா வயசு" என்று முடித்துவிட்டார்.

ரிசர்வ் என்று அவளையும் பஸ் கிளம்பும் இடத்துக்குப் பையோடு வரச் சொல்லியிருந்தார்கள். போனாள். நெட்டை ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ கொறித்துக்கொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது. வீட்டில் அம்மா அந்தப் பையைத் திறந்து, துணியை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். அன்று சாயங்காலம் இவள் மைதானத்து அறிவிப்புப் பலகையின் முன்னால் தனியாகப் போய் நின்று, பட்டியலில் நெட்டையின் முழுப் பெயரையும் உதட்டுக்குள்ளேயே ஏழு முறை சொன்னாள், மறந்து தொலைக்கக் கூடாதென்று. அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது.

நெட்டை வெண்கலத்தோடு திரும்பினாள். வெண்கலம் அரசு வேலையாயிற்று, வேலை சங்கப் பதவியாயிற்று, பதவி கடைசியில் தேசிய இளையோர் அணியின் மேனேஜர் நாற்காலியாயிற்று. எக்ஸ்ரே அக்கா ஓட்டத்தைத் தலைமுழுகிவிட்டு எக்ஸ்ரே படிப்பில் சேர்ந்தாள். அங்கே ஒருநாள் வகுப்பில் மணிக்கட்டுப் படமொன்றை மாட்டி, முன்கை எலும்பின் நுனியில் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறதா, அது வளர்ச்சிக் கோடு, வயது ஏற ஏற மூடிவிடும், மூடியதென்றால் ஆள் வளர்ந்து முடிந்தது என்று ஆசிரியர் விளக்கினார். அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இப்படி ஒரு சாட்சி நெட்டையின் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது, கேட்பாரில்லாமல்!

கல்யாணம் நடந்தது. வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரியின் லிஃப்ட் மெக்கானிக், எதையும் சிரித்தே கடத்துகிற மனிதர். டிவியில் மேனேஜர் மேடம் பேட்டி கொடுத்தால் போதும், "ஓடி வா, உன் சொந்தக்காரி வந்திருக்கா" என்று அடுப்படிக்குக் குரல் கொடுப்பார். இவள் கரண்டியோடு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முழுதும் பார்த்துவிட்டுப் போவாள். கறுவுவதற்கும் தினப்படி தீனி வேண்டியிருக்கிறது. இருபத்தேழு வருடம் அதைப் பட்டினி போடாமல் வளர்த்தாள்.

பிறகு சட்டம் வந்தது. வயதுப் பித்தலாட்டம் எல்லை மீறிப் போனதால், அணியில் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மணிக்கட்டு எக்ஸ்ரே கட்டாயம் என்றார்கள். அந்த வேலை, யாரும் கேட்காமலே, இவளுடைய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது.

எட்டாம் தேதி காலையில் முப்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் ஒரே நீல ஜாக்கெட். இருமல் காய்ச்சல் சீசன் என்பதால் எல்லோர் முகத்திலும் மாஸ்க். புகைப்படம் ஒட்டிய படிவங்களை மேனேஜர் மேடமே கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினாள். உடம்பு பெருத்திருந்தது, கழுத்தில் கண்ணாடி தொங்கியது, மற்றபடி அதே முகம். எக்ஸ்ரே அக்கா கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவளோ இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சீக்கிரம் முடிங்க சிஸ்டர், பசங்களுக்குப் பயிற்சி இருக்கு" என்றாள். அவளுக்கு இவள் யாரென்றே தெரியவில்லை. வெறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, அடையாளமே தெரியவில்லை.

கடைசியாக வந்தவள் நானூறு மீட்டரின் ரிசர்வ். ஒல்லியாக, உட்கார்ந்தால் மேஜையில் முழங்கால் முட்டுமளவு வளர்ந்த பெண். கையை மேஜைமேல் வைத்துவிட்டு, "அக்கா, ரிசர்வுக்கும் எடுக்கணுமா?" என்று கேட்டாள். எடுக்கணும் கண்ணு, யாருக்காவது முடியாமப் போனா நீதானே போகணும் என்றாள் இவள். படிவத்தில் பிறந்த தேதியைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் மனதுக்குள் விரல்விட்டு எண்ணினாள். அடுத்த போட்டியின்போது இந்தப் பெண்ணுக்கு இருபது ஆகியிருக்கும். இதை விட்டால் வேறில்லை.

மத்தியானம், ரேடியாலஜி டாக்டர் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனபின், பிலிம்களை உறையில் போடும்போதுதான் அவள் கை நின்றது. ஒன்பதாம் எண்ணையும் இருபத்தேழாம் எண்ணையும் எடுத்து விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். இரண்டிலும் சுண்டுவிரல் நுனி உள்பக்கம் லேசாக வளைந்திருந்தது. இரண்டிலும் முன்கை எலும்பில், சிறு வயதில் விழுந்து கூடிய பழைய விரிசல் ஒன்று, ஒரே இடத்தில், ஒரே சாய்வில். ஒன்பதாம் எண், நீச்சல்காரச் சின்னப் பெண்ணுடையது. இருபத்தேழாம் எண்ணில் நானூறு மீட்டர் ஓட்டக்காரியின் பெயர் இருந்தது. கை ஒன்று, பெயர் இரண்டு!

ஓட்டக்காரிக்கு வயது அதிகம். அவளை இந்த அறைக்குள் விட்டால் வளர்ச்சிக் கோடு மூடியிருப்பது தெரிந்துவிடும். அதனால் நீச்சல்காரியிடம், முதல் படம் சரியாக விழவில்லை, இன்னொன்று எடுக்க வேண்டுமாம் என்று ஏதாவது சொல்லி, வேறு படிவத்தோடு மறுபடி உள்ளே தள்ளியிருக்கிறாள் மேனேஜர். முப்பத்தொரு கையில் இது யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்திருப்பாள். வேறு எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் தெரிந்திருக்காதுதான். எக்ஸ்ரே அக்கா கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். அழுகையும் வந்தது. வகையாக வந்து மாட்டினாயே தாயே என்று பிலிமைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டில் புருஷனிடம் மட்டும் சொன்னாள். அவர் கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார். வா, இப்பவே டாக்டரைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றார். அவள் அசையவில்லை. இப்போது சொன்னால் என்ன ஆகும்? படிவம் மாறிப்போச்சு, தெரியாம நடந்த தப்பு என்று பல்லிளித்துவிட்டு, ஓட்டக்காரியை இறக்கிவிட்டு ரிசர்வை ஏற்றிக்கொண்டு மேனேஜர் மேடம் பாட்டுக்குப் போய்விடுவாள். ஒரு கீறல் விழாது. அங்கே போகட்டும். கொடி பிடித்து நடக்கட்டும். ஊர் உலகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது கழுத்தைப் பிடிக்க வேண்டும். அவள் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்பு காணாமல் போய்விட்டது.

"அப்ப அந்த ரிசர்வ் பொண்ணு?"

"அவளுக்கு வயசு இருக்கு. அடுத்த தடவை போவா."

படிவத்தைப் பார்க்காத மனிதர், அதை நம்பிவிட்டார். சொன்னவளுக்குத்தான் அது பொய்யென்று தெரியும்.

பத்தொன்பதாம் தேதி அணி புறப்பட்டதை டிவியில் காட்டினார்கள். மாலைகள், கையசைப்பு, பஸ்ஸின் படியில் நின்று மேனேஜர் மேடத்தின் நாலு வார்த்தை. கேமரா நகர்ந்தபோது, ஓரத்தில் அந்த ஒல்லிப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னும் யாராவது கூப்பிடுவார்கள் என்பதுபோல நின்றுகொண்டிருந்தாள். எக்ஸ்ரே அக்கா சேனலை மாற்றினாள்.

தொடக்க விழாவைக் கண்கொட்டாமல் பார்த்தாள். கொடிக்குப் பின்னால் கோட்டு போட்டுக்கொண்டு நெட்டை நடந்து வந்தபோது, நட நட, நல்லா நட என்று சொல்லிக்கொண்டாள். முதல் சுற்றை விட்டாள், அரையிறுதியை விட்டாள். ஓட்டக்காரி இறுதிச் சுற்றுக்கு வந்ததும், இரண்டு பிலிமையும் ஒரு கடிதத்தையும் போட்டி நடத்துகிறவர்களின் வயதுச் சரிபார்ப்புக் குழுவுக்கு மின்னஞ்சலில் தட்டிவிட்டாள். நம் ஊர்ப் பத்திரிகைகளுக்கும் ஒவ்வொரு நகல். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தலைக்குக் குளித்தாள்.

நினைத்ததைவிட நன்றாகவே நடந்தது. இறுதி ஓட்டத்துக்கு எட்டுப் பேர் கோட்டுக்கு வந்தார்கள். அதிகாரிகள் இரண்டு பேர் வந்து ஒருத்தியை வெளியே கூப்பிட்டார்கள். அங்கேயே கையைப் படம் எடுத்தார்கள், கோடு மூடியிருந்தது. நீச்சல்காரச் சிறுமி கேட்டவுடனே அழுதுகொண்டு நடந்ததை அப்படியே ஒப்பித்துவிட்டாள். மேனேஜர் மேடம் இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டு படியிறங்கியதை எல்லா சேனலும் காட்டின. எக்ஸ்ரே அக்கா அதை ஆற அமர உட்கார்ந்து, ஒன்பது தடவை பார்த்தாள். ஊர் திரும்புமுன் பதவி போயிற்று. யாரோ அவளுடைய பழைய பள்ளிக்கூடப் பதிவேட்டையும் தோண்டி எடுக்க, இருபத்தேழு வருடத்து வெண்கலமும் சந்தி சிரித்தது. பத்திரிகைகள் இரண்டு பிலிமையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டன. டாக்டர் நாலு நாள் இவளோடு பேசவில்லை. மற்றபடி வார்டு வார்டாகக் கைகொடுத்தார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க, பதினாறு வயதுக்குப் பிறகு முதல் தடவையாக, லிஃப்டை விட்டுப் படிகளில் ஓடி ஏறினாள்.

மறு வாரம் அந்த ஒல்லிப் பெண் வந்தாள். மாஸ்க் இல்லாத முகம் அடையாளம் தெரியவில்லை. கதவைப் பிடித்திருந்த கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். நன்றி சொல்ல வந்திருக்கிறது பிள்ளை என்று எக்ஸ்ரே அக்காவுக்கு மனசு பொங்கிவிட்டது. உட்கார வைத்தாள், கேன்டீனுக்கு ஆள் அனுப்பி இரண்டு டீ சொன்னாள். எனக்கும் இதே கதைதான் கண்ணு என்று ஆரம்பித்து, அறிவிப்புப் பலகையிலிருந்து வெண்கலம் வரை மூச்சுவிடாமல் சொன்னாள். உனக்காகவும் சேர்த்துத்தான் அவள் கணக்கைத் தீர்த்தேன் என்றாள். பெண் கடைசி வரை கேட்டாள். பிறகு பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். பிலிமின் மூலையில், மெஷின் தானாகவே அச்சடிக்கிற பொடி எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இந்தத் தேதி சரிதானாக்கா?"

எட்டாம் தேதி. காலை பதினொன்று பத்து. ஊரே பார்த்த படம்தான், இதை மட்டும் யாரும் படிக்கவில்லை.

"பஸ் கிளம்பினது பத்தொன்பது. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. உறையில் கிடந்தது, பிற்பாடுதான் கவனித்தேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"அன்னைக்கு மத்தியானமே பாத்துட்டேன்" என்றாள். "அவ எனக்குப் பண்ணினதுக்கு…"

"அவங்க ஏமாத்துறாங்கன்னு எனக்குத் தெரியாது. பதினோரு நாளும் பையைக் கட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

குரல் உயரவில்லை, அழவும் இல்லை. செய்தித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுந்தவள் போகாமல் நின்றாள். அவள் பார்வை எக்ஸ்ரே அக்காவின் முகத்திலிருந்து இறங்கிச் சட்டையில் குத்தியிருந்த பட்டைக்கு வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அதை யாரும் நின்று படித்ததில்லை. அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். சத்தமில்லாமல் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. எக்ஸ்ரே அக்கா கையால் பட்டையை மூடப் பார்த்தாள், கை எழவில்லை. எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

பெண் போய்விட்டாள். இரண்டு டீயும் அப்புறம்தான் வந்தது.